பதினோரு வாசல்

தையல்காரர் போட்டிருந்த சட்டையிலேயே பொத்தான் தைத்துக்கொண்டிருந்தார். முன்கூடத்தில் அவர் மனைவியைக் கிடத்தியிருந்தார்கள். விடியற்காலையில் பாதித் தேநீரைக் குடித்துவிட்டு, நாற்காலியிலேயே கண்ணை மூடிவிட்டாள். வண்டி வாசலுக்கு வந்துவிட்டது. ஊருக்கெல்லாம் தைப்பவருக்கு முழுசாகப் பொத்தான் உள்ள சட்டை ஒன்றுகூட இல்லை என்று அவள் சிரிப்பாள். இன்றைக்காவது அந்தப் பேச்சு வேண்டாம் என்று நினைத்தார்.

கத்தரிக்கோலுக்காக இழுப்பறையைத் திறந்தபோது கையில் மெத்தென்று ஏதோ பட்டது. கோட்டின் தோளுக்குள் வைக்கிற ஸ்பாஞ்சு. நேற்று சாயங்காலம் அவர் வெட்டிக் கொடுத்ததில் மிச்சம்.

பதினோரு துண்டு வெட்டியிருந்தார். பின்வேலி ஓரம் அவள் வளர்த்த தேனீப் பெட்டிகளும் பதினொன்று. பக்கத்துத் தோட்டக்காரர் தர்பூசணிக்கு மருந்து அடிக்கும் நாளில், பெட்டி வாசல்களை அவள் ஸ்பாஞ்சு வைத்து அடைப்பாள். மறுநாள் வெயில் ஏறுவதற்குள் எடுத்துவிடுவாள்.

மணி பத்தரை.

"ஐயோ, உள்ளேயே வெந்து செத்துடுமே!" நெஞ்சில் ஊசி தொங்க எழுந்து ஓடினார்.

"மாமா, எங்க போறீங்க? வண்டி நிக்குது!" என்று மச்சினிச்சி கத்தினாள்.

"உங்க அக்கா பெட்டியைத் திறக்கல!"

எல்லோரும் வாயைப் பிளந்தார்கள். ஒரு தேனீ வீட்டுக்குள் வந்தாலே தைக்க வந்த துணிக்குள் தலையை மறைத்துக்கொள்கிற மனிதர் அவர். "புலி வந்தா என்னங்க பண்ணுவீங்க?" என்று அவள் கேட்பாள். "புலி ஒரே தடவையில முடிச்சிடும்" என்பார்.

துக்கம் கேட்க வந்திருந்த தோட்டக்காரரும் பின்னாலேயே ஓடினார். மூன்று வருஷத்துக்கு முன் பட்டப்பகலில் மருந்தடித்துப் பாதித் தேனீயைக் கொன்றவர் அவர்தான். அந்த வருஷம் காயெல்லாம் ஒரு பக்கம் வீங்கி, ஒரு பக்கம் சூம்பிப் போயிற்று. அளவெடுக்காமல் தைத்த கோட்டு மாதிரி இருக்கிறது என்று தையல்காரர் ஊரெல்லாம் சொன்னார். அதற்குப் பிறகு, தையல்காரர் மனைவியிடம் சொல்லாமல் தோட்டக்காரர் மருந்து டப்பாவைத் தொட்டதில்லை.

"இன்னைக்கு விரிஞ்ச பூ மத்தியானம் மூடிக்கும் அண்ணே. இதுங்க வரலன்னா ஒரு காய் பிடிக்காது."

"பேசாம நீ அந்தக் கோடியிலேருந்து பிடுங்கு."

தையல்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டு முதல் துண்டை உருவினார். நெரிசல் பேருந்திலிருந்து இறங்குகிறவர்கள் மாதிரி தேனீக்கள் முண்டியடித்து வந்தன. நாலாவது பெட்டியில் விரலில் ஒன்று கொட்டியது.

"கொட்டிடுச்சா அண்ணே?"

"ஊசி குத்தாத விரலா இது?" என்று சொன்னவர், சட்டென்று அழுதுவிட்டார். காலையிலிருந்து வராத அழுகை. முழங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுத்த பெட்டிக்குப் போனார்.

நடுவிலிருந்த கடைசிப் பெட்டியைத் திறந்தும் சத்தமே இல்லை. தையல்காரர் மண்டியிட்டுக் காதைப் பலகையில் வைத்தார். "வாங்கடி, வெளிய வாங்க. அவ என்னைத்தான் திட்டுவா" என்றார்.

வெகுநேரம் கழித்து ஒன்று ஊர்ந்து வந்தது. வாசலில் நின்று சிறகை உதறியது. அதன் பின்னால் இன்னொன்று வந்தது. பிறகு எண்ண முடியவில்லை.

"பொழச்சேன்" என்று தோட்டக்காரர் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

தையல்காரர் கூடத்துக்குத் திரும்பியபோது மனைவியின் மேல் வைத்திருந்த பூக்களில் ஒரு தேனீ உட்கார்ந்திருந்தது. மச்சினிச்சி துண்டை ஓங்கினாள்.

"அடிக்காதம்மா. வேலையா வந்திருக்கு."

அவர் அருகில் போய் நின்றார். தூக்க வந்தவர்களும் காத்து நின்றார்கள். தேனீ ஒரு பூவையும் விடாமல் பார்த்து முடித்துவிட்டு, ஜன்னல் வழியாகத் தர்பூசணித் தோட்டத்துப் பக்கம் பறந்தது.

சட்டையில் தொங்கிய நூலைப் பல்லால் கடித்து அறுத்து, பொத்தானைப் போட்டுக்கொண்டார் தையல்காரர்.

"சரி. கிளம்பலாம்" என்றார்.