காலிக் கட்டம்

அந்த ஆற்றில் நீர்நாய்களை எண்ணுகிறவருக்கு அலுவலகத்தில் வைத்த பெயரும் நீர்நாய்தான். இருபத்தெட்டு வருடம் திங்கட்கிழமைதோறும் கரையில் உட்கார்ந்ததில், கொசுக்களே அவரைக் கடிக்கக் கூச்சப்பட்டு மரியாதையாக ஒதுங்கிப் போகும். ஒருமுறை நீர்நாய் ஒன்று பாறைமேல் ஏறி, இவரை ஏற இறங்கப் பார்த்து, 'ஒன்று' என்று எண்ணிக்கொண்டு போனதாகச் சத்தியம் செய்வார்.

கடைசியாக ஒன்றைப் பார்த்து நான்கு வருடமாகிறது. எண்ணிக்கை குறைகிறது என்று காட்டினால் ஆறு காப்புப் பட்டியலில் ஏறும், மணல் அள்ளுவது நிற்கும். எங்கேயாவது ஒரு ஜோடி மிச்சமிருந்தால் பிழைக்கும். அதற்காகத்தான் தலைமை அலுவலகத்துப் புள்ளியியல்காரி வந்து பழைய படிவங்களையெல்லாம் கணினியில் ஏற்றினாள்.

"நல்ல சேதி ஐயா," என்று திரையைத் திருப்பினாள். "கோடு நேராப் போகுது. ஒண்ணும் குறையல. பட்டியலுக்கு அவசியமே இல்ல."

"நேராப் போச்சுன்னா என் கண்ணு முன்னாடிதானேம்மா போயிருக்கணும்? நாலு வருஷமா ஒண்ணுகூடப் படலையே!"

"அந்த நாலு வருஷமும் கட்டம் காலியா இருக்கே. நீங்க போகலைன்னு கணினி விட்டுடுச்சு. பார்த்த நாள மட்டும் வச்சுக் கோட்ட இழுத்துடுச்சு."

"போனேன். இல்ல. அதான் காலி."

"ஒரு பூஜ்யம் போட்டிருக்கலாமே ஐயா?"

அவர் நகத்தைப் பார்த்தார். "எழுதிட்டா அப்படியே ஆயிடுமோன்னு... கை வரல."

அவள் சிரிக்கவில்லை. பழைய படிவங்களை அவர் பக்கம் தள்ளினாள். "போன நாள் எது, போகாத நாள் எதுன்னு குறிச்சுக் குடுங்க. இப்பவே திருத்திடறேன்."

பேனாவைத் திறந்தார். மனைவி மருத்துவமனையில் கிடந்த வாரங்கள் காலி. பாலம் உடைந்த மழைக்காலம் காலி. கரையில் நாள் முழுக்க உட்கார்ந்து, ஒன்றையும் காணாமல் இடுப்பு விட்டுப்போன திங்கட்கிழமைகளும் காலி. எல்லாம் ஒரே வெள்ளை. சாட்சிக்குக் கொசுக்களைக் கூப்பிட முடியாது. வாயைத் திறந்தால் புளுகுகிற மனிதர். அன்று ஒரு கட்டத்துக்குக்கூட அவரிடம் புளுகு இல்லை.

"தெரியலம்மா."

அவள் புதிய படிவத்தை நீட்டினாள். போன நேரம், திரும்பிய நேரம், கண்டது, காணாதது, எல்லாவற்றுக்கும் தனித்தனிக் கட்டம். "இந்த வாரத்துலேருந்து பூஜ்யம் போடுங்க. பத்து வருஷத்துல போக்கு தெரிஞ்சிடும்."

"இந்த வாரம் பூஜ்யம். அடுத்த வாரமும் பூஜ்யம். பத்து வருஷமும் அதேதான். அப்போ கோடு எப்படிம்மா போகும்?"

அவள் திரையின் அடியோரமாக விரலால் ஒரு கோடு இழுத்தாள்.

"நேராத்தான் ஐயா."