தலை தட்டாத மரக்கால்

“அந்தப் பெட்டிய மொதல்ல வெளிய தூக்குங்கடா” என்று பெரியப்பா பூவராகவன் சொல்லி முடிப்பதற்குள் மனோரமா அந்தத் தேக்கு ஒலிப்பெட்டியின்மேல் ஏறி உட்கார்ந்துவிட்டாள். தூக்க வந்த இருவரும் கை மடக்கி நின்றார்கள்.

கூடத்தின் நடுவே அவள் தந்தை தேவநாதன் தெற்கே தலைவைத்துக் கிடத்தப்பட்டிருந்தார். விடியலில் பால் வாங்கப் புறப்பட்டவர் வாசற்படியிலேயே சரிந்தார். வைத்தியர் வருமுன் மூச்சு அடங்கிவிட்டது. பொழுது சாய்வதற்குள் எடுத்துவிடுவதென்று உறவினர் முடிவு செய்திருந்தனர்.

“இன்னாடி இது? நைனா செத்துக் கெடக்கறாரு, நீ பெட்டி மேல குந்திக்கினு இருக்கற.”

“நைனா செஞ்ச பெட்டி. அவரு போற வரைக்கும் இங்கதான் இருக்கும்.”

“கூம்பு வந்துட்டுது. வேப்பமரத்துல கட்டினா கடைத்தெரு பூரா கேக்கும். இது எதுக்கு?”

தகரக் கூம்பு ஒலிபெருக்கியோடு வாசலில் நின்றவன் கயிற்றுச் சுருளை உதறினான். “அந்தப் பெட்டியில பேசினா எதிர் வூட்டுப் பூனைகூட எழுந்துக்காது, பாப்பா.”

“நீ கட்டு. கயித்த நான் அறுக்கறேன்” என்றாள் மனோரமா. பிறகு பெரியப்பாவைப் பார்த்தாள். “சுடுகாட்டுக்கு நீங்கல்லாம் போவீங்க. என்னை வுட மாட்டீங்க. நான் வழியனுப்பறது இந்த வாசப்படி வரைக்கும்தான். தகரத்துல அனுப்ப மாட்டேன்.”

“அவன் உயிரோட இருக்கும்போதே ஒழுங்காப் பாடாத பெட்டி. இப்பப் பாடிடுமா?”

மனோரமா பெட்டியின் விளிம்பைப் பற்றிக்கொண்டாள். இறங்கவில்லை.

செஞ்சிக் கடைத்தெருவில் அண்ணன் தம்பி இருவருக்கும் கூட்டாக நெல்மண்டி இருந்தது. மண்டி அடைத்தபின் தேவநாதனுடைய நெஞ்சம் சிங்கவரத்துக் குன்றுக்குப் போய்விடும். அங்கே குடைவரையில் அறிதுயில் கொண்ட அரங்கன் திருமுன் முதியவர் அரங்கநாதன் பாசுரம் சேவிக்கும்போது, பாறை அக்குரலை வாங்கித் தன் கனத்தையும் அதன் அடியில் சேர்த்துத் திருப்பித் தரும். திருவிழாக் கூம்போ குரலின் மேற்றோலை மட்டும் உரித்து ஊருக்கு வீசியது. மலை செய்வதை மரம் செய்யாதா என்று கேட்டுத் தேக்குப் பலகை வாங்கினார் தேவநாதன். பெட்டியின் முகத்தில் இரண்டு துளைகள் இட்டார். பெரியதில் ஒலிபெருக்கி, சிறியதில் காற்று வந்துபோக ஒரு குழல். உலக்கையின்மேல் பசைத்தாளைச் சுற்றி உலர்த்தி எடுத்த குழல் அது. பெட்டியின் உள்ளளவும் குழலின் நீளமும் இசைந்தாலன்றித் தாழ்ந்த குரல் ஊன்றி நிற்காது. பெட்டி சிறிதானால் குழல் நீள வேண்டும். பெரிதானால் குறுக வேண்டும்.

உள்ளளவை அறிய மண்டிக்காரருக்குத் தெரிந்த வழி ஒன்றே. பெட்டியை மல்லாத்தி நெல்லை அளந்து கொட்டச் செய்தார். ஒலிப்பெட்டி செய்முறை நூல் கேட்ட அளவைவிடப் பெட்டி சிறிது என்று கணக்கு வந்தது. ஆகவே குழலை நீட்டினார். குரல் தேறவில்லை. மேலும் நீட்டினார், மேலும் வெளிறியது. நேற்று மாலையும் ஒரு சாண் சேர்த்துவிட்டு, “பொட்டிக்கு எம்மேல இன்னா கோவமோ” என்று சிரித்தபடி படுக்கப் போனார்.

தோற்றவர் என்ற பெயரோடு அவரை அனுப்ப மகள் ஒப்பவில்லை. அவ்வளவுதான் அவளிடம் இருந்த வழக்கு.

மண்டியில் நெல் அளக்கும் பொன்னுசாமி, தலைமாட்டில் விளக்கு வைப்பதற்காக மரக்காலைக் கொண்டுவந்து வைத்தார். நெல்லைக் குவிய இட்டவர், உச்சியை உள்ளங்கையால் வழித்துத் தள்ளினார்.

“ஏன் தலை தட்டற? நெறைய வையேன்” என்றாள் பெரியம்மா.

“மண்டிக்குள்ள வர்ற நெல்லத்தாம்மா குவிச்சு அளக்கறது. இது வெளிய போறது.” என்றார் பொன்னுசாமி.

மனோரமா பெட்டியிலிருந்து இறங்கினாள்.

“அண்ணே, அன்னிக்கு இந்தப் பெட்டியில நெல்லு போட்டீங்களே, எப்டி அளந்தீங்க?”

“பெட்டிக்குள்ள போற நெல்லுதானே, பாப்பா. குவிச்சுத்தான் போட்டேன். ஏன், கொறஞ்சுதா?”

அவள் தந்தையின் முகத்தைப் பார்த்தாள். அவர் தலை தட்டிய மரக்காலாகவே கணக்குப் போட்டிருந்தார்; ஒவ்வொரு மரக்காலின் உச்சியிலும் குவிந்த நெல் அதில் ஏறவே இல்லை. பெட்டி சிறிதன்று, பெரிது. நீட்ட நீட்ட அவர் குரலை விட்டு விலகியே போயிருக்கிறார்.

அவள் குழலை உருவி எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போய் ரம்பத்தோடு திரும்பினாள்.

“பொணம் கெடக்கற வூட்டுல ரம்பமா? ஊரே காறித் துப்பும்டி” என்றார் பெரியப்பா.

“துப்பட்டும். நைனா கேட்டுட்டுப் போவட்டும்.”

ஒப்பாரி நின்றுவிட்டது. ரம்பத்தின் ஓசை மட்டும் கூடத்தில் எழுந்தது. நேற்று சேர்த்த சாண் முதலில் விழுந்தது. பிறகு அதற்கு முன் சேர்த்தது. பிறகு அதற்கும் முன் சேர்த்தது. அறுத்து அறுத்துப் பொருத்தியதில் குழல் தளர்ந்து ஓரத்தில் காற்று கசிந்தது. கணவரின் அருகில் அமர்ந்திருந்த தாய் ஆதிலட்சுமி, மடியில் வைத்திருந்த கணவருடைய துண்டை எடுத்து நீளவாக்கில் கிழித்து மகளிடம் நீட்டினாள். மனோரமா அதைக் குழலில் இறுகச் சுற்றித் துளையில் செருகினாள். ஆம்ப்ளிபயரை முடுக்கி பாசுரம் சேவிக்கக் கூடத்தில் வந்து அமர்ந்திருந்த அரங்கநாதன் முன் மைக்கை வைத்தாள்.

“சேவிங்க, தாத்தா.”

முதியவர் கண்மூடித் தொடங்கினார். மனோரமா துளையெதிரே உள்ளங்கையை வைத்தாள். காற்று மெலிந்து வந்தது. கை காட்டி நிறுத்தினாள். இன்னும் ஒரு விரற்கடை அறுத்தாள்.

இம்முறை குரலுக்கு அடி வந்தது. அதைத் தரையில் அமர்ந்திருந்தோர் காதில் வாங்குமுன் காலில் உணர்ந்தனர். இரைச்சல் இல்லை, பெரிதாகவும் இல்லை. குன்றைக் குடைந்த இருளிலிருந்து வருவதுபோல் ஒவ்வொரு சீரும் முழு எடையோடு இறங்கியது. கூம்புக்காரன் மரத்தில் பாதி ஏறியவன் இறங்கி வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு வாசலில் நின்றான்.

“நேரமாவுது, தூக்குங்க” என்றார் பெரியப்பா.

பாடை தூக்க வந்தவர்கள் குனியவில்லை. பெரியப்பாவும் அவர்களோடு நின்றுவிட்டார். பாசுரம் முடிந்தபின்பே தேவநாதனை எடுத்தார்கள். சங்கொலி தெருமுனையைக் கடந்தது. நடக்க முடியாத அரங்கநாதன் மட்டும் இருந்த இடத்திலேயே அடுத்த பாசுரத்தைத் தொடங்கினார்.

பெரியம்மா தண்ணீர்க் குடத்தோடு வந்தாள். “பெட்டிய நவுத்துடி. வூடு கழுவணும்.”

மனோரமா ஒலியைக் கூட்டும் குமிழை இன்னும் சிறிது திருகினாள்.

ஆதிலட்சுமி எழுந்து குடத்தை வாங்கினாள். கூடத்தின் மூலையிலிருந்து ஊற்றிக்கொண்டே வந்தாள். பெட்டியை நோக்கி ஓடிய நீரைக் காலால் தடுத்து வேறு பக்கம் திருப்பினாள். பிறகு துடைப்பத்தை எடுத்துப் பெட்டியைச் சுற்றி மெதுவாகப் பெருக்கினாள்.