முதலை இம்யூன் இல்லீங்க

பகடை உருட்டி ஆடும் கதை விளையாட்டில் லோகப்பிரியாவின் பாத்திரமான மந்திரக்காரி பொன்னிக்கு இன்னும் ஓர் அடி விழுந்தால் உயிர் போய்விடும். செத்தால் செத்ததுதான், ஆட்டத்தை விட்டே எழுந்து போக வேண்டும் என்பது அந்த மேஜையின் சட்டம். எட்டு மாதமாக ஞாயிறுதோறும் பெருந்துறையில் பஸ் ஏறி கோவைக்கு வந்து அவள் வளர்த்த பொன்னி. கையில் மிச்சம் இருந்தது, எதிரியை அசையவிடாமல் செய்யும் ஒரே ஒரு முடக்கு மந்திரம்.

ஆட்டத்தை நடத்துபவன் கிருபாசங்கர். மில்லுக்காரர் வீட்டுப் பிள்ளை. கதை, அரக்கர்கள், தீர்ப்பு எல்லாம் அவன் கையில். விதிப்புத்தகத்தை அமெரிக்காவிலிருந்து வரவழைத்தவன் அவன், படித்தவள் லோகப்பிரியா. வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போனவளுக்குப் புத்தகம் கிடைத்தால் அட்டை முதல் அட்டை வரை படிக்கத்தான் தெரியும். அவனுக்கோ தடவிப் பார்த்தாலே போதும்.

போன மாதம் ஒரு கல்வீரனை முடக்கப் பார்த்தாள். கல் முடங்காது என்றான். சரி, புத்தகத்திலும் அப்படித்தான். அடுத்த வாரம் ஒரு சிலந்தி. அதற்கு விஷம் ஏறாதாம், அதனால் முடக்கமும் ஏறாதாம். விஷம் வேறு, முடக்கம் வேறு என்று ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்குச் சொல்வதுபோல் சொல்லிப் பார்த்தாள். தன் அரக்கனுக்குச் சளி பிடித்தால்கூடப் பதறுகிறவனிடம் என்ன பேசுவது என்று விட்டுவிட்டாள்.

இன்றைக்கு எதிரே எலும்பரசன். பிணத்தை முடக்க முடியாது என்று அவளுக்கும் தெரியும். ஆனால் அவன் பள்ளத்தாக்குக்கு மேலே பறக்கும், இறக்கை வைத்த ஒரு முதலையின் முதுகில் அல்லவா உட்கார்ந்திருக்கிறான்?

“முதலை மேல போடறேனுங்க,” என்றாள்.

கிருபாவின் முகம் வெளுத்தது. “அதுவும் இம்யூன், அம்மணி. ராஜாவோட வாகனமாச்சே.”

“ஏனுங்க, டிரைவருக்குத் தடுப்பூசி போட்டா பஸ்ஸுக்கும் போட்ட மாதிரிங்களா?”

பக்கத்தில் வாள்வீரனாக ஆடிக்கொண்டிருந்த அனீஸ் சிரிப்பை அடக்கிக்கொண்டு புத்தகத்தைப் புரட்டி, முதலைக்கு அப்படி ஒரு சலுகையும் இல்லை என்றான்.

வேறு வழியில்லாமல் கிருபா இருபது முகப் பகடையை எடுத்தான். பதினைந்துக்குக் கீழே விழுந்தால் முதலை முடங்கும். தனக்கு முன்னால் நிறுத்தியிருந்த அட்டைத் தடுப்புக்குப் பின்னால் உருட்டினான். குனிந்து பார்த்தான்.

“பதினெட்டு. தப்பிச்சுப் போட்டுது,” என்றான். முகத்தில் ஒரு வருத்தம் வேறு.

லோகப்பிரியா எழுந்தாள். அட்டையை மெல்ல மடக்கி மேஜைமேல் படுக்க வைத்தாள். பகடை மூன்றைக் காட்டிக்கொண்டு கிடந்தது.

கதை நன்றாக வரவேண்டும் என்றுதான் அப்படிச் சொன்னதாகவும், ஆட்டத்தை நடத்துகிறவனுக்கு அந்த உரிமை உண்டென்றும், விளையாட்டுக்குப் போய் இவ்வளவு கோபமா என்றும் கிருபா ஏதேதோ முனகினான்.

“கதையெல்லாம் நல்லா வருமுங்க,” என்றாள் அவள். “முதல்ல விழுகட்டும்.”

அனீஸ் கையை நீட்டி, முதலைப் பொம்மையையும் அதன்மேலிருந்த எலும்பரசனையும் தூக்கி, மேஜைமேல் வரைந்திருந்த பள்ளத்தாக்கின் அடியில் கவிழ்த்து வைத்தான். விழுந்த உயரத்துக்கு எவ்வளவு அடி, அதற்கு எத்தனை பகடை என்று அவள் யாரையும் கேட்கவில்லை. எண்ணி எடுத்து, எல்லோரும் பார்க்க உருட்டினாள்.