ஆடியில் போட்ட கணக்கு

துடியலூரில் நான் வேலை பார்க்கும் பியூட்டி பார்லரில் என்னை சூப்பர்வைசர் ஆக்கியது ஆடி மாதக் கடைசியில். சம்பளம் பத்தொன்பதாயிரம், ஆனால் இனிமேல் கமிஷனும் டிப்ஸும் கிடையாது என்றார் கடை முதலாளி சாஜிதா அக்கா. சரிங்க்கா என்றேன். அன்னூர் பஸ்ஸில் நின்றுகொண்டே கணக்குப் போட்டேன். அந்த ஆடியில் கைக்கு வந்தது பதினாலாயிரம். ஐயாயிரம் கூடுகிறது. இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டிப் போய்விட்டேன்.

அந்த வாரமே கடைக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு வீடு பார்த்தேன். ஒரு அறை, ஒரு சமையலறை. ஜன்னலைத் திறந்தால் குருடிமலை. வீட்டுக்காரர் பாலுசாமி வாடகை ஆறாயிரம் என்றார். ஆடியில் யார் குடி போவார்கள்? ஆவணி பிறந்ததும் வருகிறேன் என்றேன். ஆசைக்கு மட்டும் பார்த்த வீடு இல்லை அது. கடைச் சாவி சூப்பர்வைசரிடம்தான் இருக்கும். முகூர்த்த நாளில் காலை ஐந்து மணிக்குக் கடையைத் திறக்க வேண்டும். அந்த நேரத்துக்கு எங்கள் ஊரிலிருந்து பஸ் கிடையாது. நான் குடி வரும்வரை மட்டும் அக்கா திறப்பதாகச் சொல்லியிருந்தார். வீடு இல்லையென்றால் இந்த வேலையும் இல்லை.

அம்மாவுக்கு ஏழாயிரம், வாடகை ஆறு, சாப்பாடு கேஸ் கரண்ட் எல்லாம் சேர்த்து ஆறு. சரியாகப் பத்தொன்பது.

ஆவணி இரண்டாவது வாரம், ஒரு திங்கட்கிழமை காலையில் பாலுசாமி போன் செய்தார். நான்கு பேர் வீடு கேட்கிறார்களாம். வாடகை இப்போது எட்டாயிரமாம். சாயங்காலத்துக்குள் சொல்லாவிட்டால் வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவாராம். சரிங்க என்று வைத்துவிட்டேன்.

கடைக்குள் பங்காரம்மா எல்லோருக்கும் டீ வாங்கி வைத்திருந்தாள். எங்கள் ஆறு பியூட்டிஷியன்களில் அவள்தான் சீனியர். ஆவணி பிறந்து இரண்டு வாரத்துக்குள் மணப்பெண் மேக்கப் கமிஷனில் மட்டும் ஒன்பதாயிரம் வந்திருந்தது அவளுக்கு.

"சூப்பர்வைசரம்மா, இன்னிக்கு டீ என்ர செலவுங்க. உங்க சம்பளத்துல டீ வாங்கிக் குடிச்சுப்போட்டா அப்புறம் குடித்தனம் என்னாகறது?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அப்போதுதான் என் தவறு எனக்குத் தெரிந்தது.

நான் படித்தது பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி. லேபில் ஒரே ஒரு ரீடிங் எடுத்து யாரும் நோட்டில் எழுதமாட்டார்கள். நான் ஒன்றுதான் எடுத்திருந்தேன், அதுவும் ஆடியில். ஆடியில் கல்யாணம் இல்லை, அதனால் கமிஷன் இல்லை. அதனால்தான் பத்தொன்பதாயிரம் பெரிதாகத் தெரிந்தது. ஆடியில் குடி போகிறவர்களும் இல்லை. அதனால்தான் வாடகை சின்னதாகத் தெரிந்தது. இரண்டு பக்கமும் பொய்.

மத்தியானம் சாப்பிடாமல் போன வருடத்து புக்கிங் நோட்டை எடுத்து உட்கார்ந்தேன். இந்த முறை பன்னிரண்டு மாதமும். ஆடி, புரட்டாசி, மார்கழி மூன்றும் காலி. தையில் மட்டும் இருபத்தொரு மணப்பெண்கள். வருடத்துக்கு மொத்தம் நூற்றுப் பன்னிரண்டு. ஒரு பில் சராசரியாகப் பதினைந்தாயிரம். அதில் எனக்கு நூற்றுக்கு இரண்டு கிடைத்தால் மாதத்துக்கு இரண்டாயிரத்து எண்ணூறு வருகிறது. மூன்று தடவை போட்டுப் பார்த்தேன். மூன்று தடவையும் அதே எண். என் காதுமடல் சூடாகிவிட்டது.

தாளை மடித்து எடுத்துக்கொண்டு சாஜிதா அக்கா அறைக்குப் போனேன். நடக்கவில்லை, ஏறக்குறைய ஓடினேன். நின்றால் திரும்பிவிடுவேன் என்று பயம்.

"அக்கா, மணப்பொண்ணு பில்லுல எனக்கு ரெண்டு பர்சென்ட் வேணுமுங்க."

அக்கா கண்ணாடியைக் கழற்றினார். நான் நிறுத்தவில்லை. எந்த மண்டபத்துக்கு யார் போவது, எத்தனை மணிக்குப் போவது என்று பிரித்து அனுப்புவது நான், ஒரு மணப்பெண் மேடைக்குப் பத்து நிமிடம் தாமதமானாலும் திட்டு வாங்குவது நான், ஆனால் அந்தப் பில்லில் எனக்கு எதுவும் இல்லை என்று சொன்னேன். அவ்வளவையும் ஒரே மூச்சில் சொன்னேன். அக்கா தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். ஒரு பர்சென்ட் தருகிறேன் என்றார்.

ஒன்று என்றால் ஆயிரத்து நானூறு. வாடகையில் கூடிய இரண்டாயிரத்துக்கு அறுநூறு குறைகிறது.

"பத்தாதுங்க்கா."

அக்கா சிரித்துவிட்டார். மூன்று வருடத்தில் நான் அவரிடம் மறுத்துச் சொன்ன முதல் வார்த்தை அது என்றார். பிறகு மேஜை மேல் இருந்த புக்கிங் போனை என் பக்கம் தள்ளினார்.

"ரெண்டு தரேன் கண்ணு. ஆனா இனி இதை நீதான் எடுக்கோணும்."

அந்தப் போன் அடித்தால் நான் பங்காரம்மாவைத் தேடிப் போவேன் என்பது கடையில் எல்லோருக்கும் தெரியும். விலையைக் கேட்டுவிட்டு வைத்துவிடுகிறவர்களிடம் எனக்குப் பேச வராது. சரிங்க்கா என்று அதை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

ஐந்து நிமிடத்தில் அடித்தது. பங்காரம்மா பழக்கத்தில் கையை நீட்டினாள். நான் கொடுக்கவில்லை.

பேசியது மேட்டுப்பாளையத்திலிருந்து ஒரு பெண்ணின் அத்தை. வரும் முகூர்த்தத்துக்கு என்ன விலை என்றார். சொன்னேன். அதிகம் என்றார். கொஞ்சம் குறைத்தால் இப்போதே அட்வான்ஸ் அனுப்புவதாகச் சொன்னார். நான் விலையைக் குறைக்கவில்லை. பெண்ணின் அம்மாவுக்குப் புடவை கட்டி விடுவதைச் சும்மா செய்து தருகிறோம் என்றேன். அந்தப் பக்கம் யாரிடமோ கேட்டார். பிறகு சம்மதித்தார். அவ்வளவுதானா! இதற்கா மூன்று வருடம் ஒளிந்தேன்?

பங்காரம்மா வாயில் கை வைத்து நின்றாள். நாளைக்கு டீ என் செலவு என்று அவளிடம் சொல்லிவிட்டு, அதே சூட்டோடு என் போனில் பாலுசாமியைக் கூப்பிட்டேன்.

"ஏனுங்க, கனிஷ்கா பேசறனுங்க. எட்டாயிரம் அதிகமுங்க. ஏழரைன்னா இன்னிக்கே அட்வான்ஸோட வாரேனுங்க."

"ஆடியில வாயே தொறக்காம நின்ன புள்ளையா அம்மணி நீ?" என்றார் பாலுசாமி. "சரி, வந்து சாவிய வாங்கிக்க."