கேட்டிலிருந்து நாலாவது

1

இந்தக் கதை பிறந்த இடம் வில்லியனூர் நூலகம். இலக்கியத் தாகமெல்லாம் இல்லை. அங்கே ஃபேன் ஓடுகிறது. எதிரே ஓர் இளைஞன் பழைய மாதா கோயில் விழா மலரைப் புரட்டிக்கொண்டிருந்தான். அவனைக் கேட்காமலேயே கதைக்குள் இழுத்துப்போட்டு அன்புராஜ் என்று பெயர் வைத்தேன்.

ஊசுடு ஏரிமேல் மாலை மெல்ல மங்கிக்கொண்டிருந்த அந்த

(வேண்டாம். ஏரிக்கும் ஓய்வு வேண்டும்.)

2

அன்புராஜுக்கு வேண்டியது ஒன்றுதான்: அம்மாவின் தாத்தா சாமிக்கண்ணு எந்தக் கல்லறையில் இருக்கிறார்? கல்லறைத் திருநாள் நெருங்கிவிட்டது. இந்த வருடம் சிலுவையில் பெயர் எழுதியே தீருவது என்று அம்மா ரோஸ்லின் பெயின்ட்கூட வாங்கிவிட்டாள். ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் பாதிச் சிலுவைகளில் எழுத்தே கிடையாது. அவர்கள் வீட்டு அடையாளம், கேட்டிலிருந்து நாலாவது. வருடாவருடம் சுண்ணாம்பு, சாமந்தி, மெழுகுவர்த்தி, அம்மாவின் அழுகை எல்லாம் அதற்குத்தான்.

மலரிலிருந்த பழைய படத்தில் கேட் கிழக்கே இருந்தது. இப்போது இருப்பது மேற்கே.

“ரோடு போட்டப்போ மாத்திட்டாங்கபா,” என்றார் பக்கத்து நாற்காலிக்காரர். நாற்பது வயதிருக்கும்.

[இவரை நான் எழுதவில்லை. சரி, வந்துவிட்டார், உட்காரட்டும்.]

3

“நீங்க இன்னாண்ணே தேடுறீங்க?”

“உன்ன மாதிரிதான். ஒரு குடும்பத்த.”

“உங்க குடும்பமா?”

“எனக்கு ஒருத்தரும் இல்ல. ஆனா வருசா வருசம் ஒரு பொம்பள எனக்கு மெழுகுவத்தி ஏத்திட்டு, தாத்தா தாத்தான்னு அழுவுது. எந்த வூடுன்னு பாக்குறேன்.”

அன்புராஜ் சிரித்தான். ஜோக் என்றே நினைத்தான். [நானும்தான்.]

“போன தபா, மவனுக்கு வேல கெடைக்கணும்னு கேட்டுச்சு. என்னால இன்னா ஆவும்? கெடச்சிடுச்சா?”

அன்புராஜுக்குத் தவளக்குப்பத்தில் வேலை கிடைத்தது சித்திரையில். சிரிப்பு நின்றது.

“அப்போ... சாமிக்கண்ணு?”

“கெழக்கேர்ந்து நாலாவது. இருட்டுல கெடக்காரு பாவம். என் வெளிச்சத்த எட்டி எட்டிப் பாப்பாரு. வாய்தொறந்து கேக்க மாட்டாரு.” கொஞ்சம் பொறுத்து, “அம்மாகிட்ட சொல்லிடுவியா?” என்றார். பஸ் வருமா என்று விசாரிக்கிற குரல்தான்.

4

முடிவு அ: சொல்கிறான். பெயர் சரியான சிலுவைக்குப் போகிறது. இவர் இருட்டுக்குப் போகிறார்.

முடிவு ஆ: சொல்லவில்லை. அடுத்தவர் பெயரை இவர் சுமக்கிறார்.

முடிவு இ: இரண்டு கல்லறையிலும் மெழுகுவர்த்தி. எழுதி முடித்து, என்னை நானே மெச்சிக்கொண்டிருந்தபோது தோளுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது:

“அப்போ அஞ்சாவதுல இருக்கறவங்களுக்கு? அங்க எல்லாருந்தான் பாத்துக்கினு இருக்காங்க.”

இ-யை அடித்துவிட்டேன்.

5

அன்புராஜ் மலரை அலமாரியில் வைத்துவிட்டுப் போய்விட்டான், என்ன முடிவெடுத்தான் என்று எனக்கும் சொல்லாமல். கல்லறைத் தோட்டத்தில் ரோஸ்லின் பெயின்ட் டப்பாவைத் திறந்துகொண்டிருப்பாள். பிரஷ்ஷை உங்களிடம் தருகிறேன். நான் கிளம்பவேண்டும், நூலகத்தைப் பூட்டப்போகிறார்கள்.

அவர் மட்டும் எழுந்திருக்கவில்லை. நான் எழுதிய தாள்களை ஒவ்வொன்றாகப் படித்து முடித்துவிட்டு, நிமிர்ந்து கேட்கிறார்:

“இத இப்போ ஒருத்தர் படிக்கறாரே... அவுரு எந்த வூடு?”