புளிக்கோட்டை

மலையிலிருந்து புளி இறங்கிவிட்டால் ஒடுகத்தூரில் யாருக்கும் கை சும்மா இருக்காது. ஜப்பார் சாயபுவின் மண்டியில் காலையிலேயே டொக் டொக்கென்று கட்டை தட்டும் சத்தம் ஆரம்பித்துவிடும். பெண்கள் வரிசையாக உட்கார்ந்து, ஓடு நீக்கிய புளியைத் தட்டித் தட்டிக் கொட்டையைப் பிதுக்கி எடுப்பார்கள். வேலை முடிந்து கிளம்பும்போது கூலி தனி, அதோடு ஆளுக்கு ஓர் உருண்டை புளி. அந்த உருண்டை கேட்டவர்களுக்கெல்லாம் கிடைத்துவிடாது. கொட்டை எடுத்த கைக்குத்தான் உருண்டை என்பது மண்டியின் சட்டம். சாயபு பெற்ற மகள் சகிலாவுக்கே அதில் விலக்கு கிடையாது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அங்கே கொட்டை எடுக்கும் மணியம்மாளின் மகள் கன்னியம்மாளுக்குப் பதினோரு வயது. பள்ளிக்கூடம் லீவு விட்டதிலிருந்து அம்மாவோடு வந்து பாதி நாள் கொட்டை எடுப்பாள், மீதி நாள் சண்டை போடுவாள். வாய்ச் சண்டை இல்லை. மண்டியின் பின்கட்டில் ஒரு பழைய கதவைப் படுக்கவைத்து, நாலு மூலைக்கும் கூடைகளைக் கவிழ்த்து முட்டுக் கொடுத்து, அதன்மேல் நடக்கிற ராஜா சண்டை.

அந்தச் சண்டையை உண்டாக்கியவளே அவள்தான். மூங்கில் குச்சியைக் களிமண்ணில் நட்டால் சிப்பாய். தலையில் சிவப்புத் துணி சுற்றினால் இந்தக் கட்சி, நீலத் துணி சுற்றினால் அந்தக் கட்சி. நூல் தீர்ந்த நூல்கட்டைக்கு சிகரெட் பெட்டியின் வெள்ளிக் காகிதத்தில் கிரீடம் வைத்தால் ராஜா. தீப்பெட்டிமேல் ஒரு மூங்கில் சிம்பைக் கட்டி, நுனியில் புளியங்கொட்டையை வைத்து, வளைத்து விட்டால் பீரங்கி. அவளும் சகிலாவும் எதிரெதிரே நின்று அடித்துக்கொண்டால் மண்டியில் தட்டுகிற கட்டைச் சத்தம்கூட அவர்கள் காதில் விழாது.

அப்படிப்பட்ட இடத்தில்தான் பாஷா வந்து இறங்கினான். சாயபுவின் அக்கா மகன், பதிமூன்று வயது, வாணியம்பாடி. அப்பாவுக்குத் தோல் வியாபாரம். லீவுக்கு மாமா வீட்டுக்கு வந்தவன் கதவைப் பார்த்தான், பீரங்கியைப் பார்த்தான், சோற்றை மறந்தான். அதுவரைக்கும் நல்ல பையன்தான். மறுநாளே தளபதி ஆகிவிட்டான். அதற்கும் மறுநாள் சட்டம் போட ஆரம்பித்தான்.

எதிரி குண்டு நம் பக்கம் விழுந்தால் அது நமக்கு. தரையில் விழுந்தால் யாருக்கும் இல்லை. இதெல்லாம் நல்ல சட்டங்கள்தான், கன்னியம்மாளே ஒப்புக்கொண்டாள். ஒருநாள் அவனுடைய ராஜா அடிபட்டுச் சுவரில் சாய்ந்து நின்றபோது இன்னொரு சட்டம் பிறந்தது.

"விழுந்தாத்தான் செத்தான். சாஞ்சு நின்னா உசுரு கீது."

சரி என்றார்கள். நாலாம் நாள் கடைசிச் சட்டம் வந்தது.

"பொட்டப் புள்ளைங்க சண்டை போடக் கூடாது. குண்டு பொறுக்குங்க."

கன்னியம்மாளுக்கு உச்சந்தலை வரைக்கும் சுரீரென்று ஏறியது. கதவை இழுத்துவந்து போட்டவள் அவள். கூடையைக் கவிழ்த்தவள் அவள். பீரங்கிக்குச் சிம்பு சீவும்போது விரலைக் கீறிக்கொண்டவளும் அவள்தான். இப்போது அவள் குனிந்து கொட்டை பொறுக்க வேண்டுமாம். அழுகை வந்தது, அதைவிட ஆத்திரம் நிறைய வந்தது.

"ஒரே ஒரு சண்டை," என்றாள். "நான் ஜெயிச்சா இந்தக் கதவுல என் பக்கம் எப்பவும் என்னுது. தோத்தா பின்கட்டுப் பக்கமே வர்ல."

"ரெண்டு பேர்கிட்டயும் குண்டு தீந்துபோய் சமமாய்ட்டா?" என்று சகிலா கேட்டாள்.

"சமம்னா கதவு என்னுது," என்றான் பாஷா. "மாமூ மண்டிதானே இது."

நியாயம் சொல்ல சகிலாவே நிற்பது என்று முடிவாயிற்று. அவளுக்குப் பொய் சொல்ல வராது. சொன்னால் காது சிவந்துவிடும் என்பது இரண்டு பேருக்கும் தெரியும்.

பாஷா கோட்டை கட்டினான். வெறும் கோட்டையா அது? ஊரிலிருந்து கொண்டுவந்திருந்த செருப்பு அடித்தோல் துண்டுகள், பலகை மாதிரி விறைத்தவை. அவற்றை நாலு பக்கமும் நிறுத்தி, களிமண்ணால் அடி பூசி, நடுவில் ராஜாவை வைத்தான். அந்த வருஷம்தான் புதுப்பைசா வந்திருந்தது. பளபளவென்று ஒரு பைசாவை ராஜாவின் நெஞ்சில் அரக்கு வைத்து ஒட்டிக் கேடயமாக்கியிருந்தான். பார்த்தபோது கன்னியம்மாளுக்கே வாய் பிளந்தது. அவளிடம் இருந்தது தீப்பெட்டிச் சுவர். ஒரு குண்டு பட்டால் தீப்பெட்டி பறக்கும், அடுத்த குண்டில் ராஜா பறப்பார்.

சண்டைக்கு முந்தின நாள் சாயங்காலம் மண்டியில் அவள் கைதான் வேலை செய்தது, மனசு கோட்டையிலேயே இருந்தது. கட்டையை ஓங்கிப் போட்டாள். ஒரு கொட்டை துள்ளித் தெறித்து, எதிரே குவித்திருந்த புதுப்புளியில் போய்ப் பட்டது. பட்டது, அங்கேயே இருந்துவிட்டது. கன்னியம்மாள் அதையே பார்த்தாள். இன்னொரு கொட்டையை விரலால் சுண்டினாள். அதுவும் ஒட்டிக்கொண்டது.

"இன்னாடி சிரிக்கிற?" என்றாள் மணியம்மாள்.

"ஒண்ணுமில்லம்மா. இன்னிக்கு என் உருண்டைய நானே வெச்சிக்கட்டா?"

"குழம்புக்கு?"

"உன்னுது கீதே."

மணியம்மாள் அவளை ஒரு தினுசாகப் பார்த்தாள். பிறகு, எக்கேடோ கெட்டுப்போ என்று விட்டுவிட்டாள்.

மறுநாள் மத்தியானம் கன்னியம்மாள் தன் பக்கத்தில் எழுப்பிய சுவரைப் பார்த்து பாஷா விழுந்து விழுந்து சிரித்தான். ஒரு சாண் நீளத்துக்குக் கறுத்த புளிச்சுவர். பின்னால் ஒட்டினாற்போல் அவளுடைய ராஜா.

"ரசம் வெக்கப் போறியா?"

"சுடு," என்றாள் அவள்.

ஆளுக்கு ஒரு பிடி கொட்டை. சகிலா கையைத் தட்டினாள். பாஷாவின் முதல் குண்டு விர்ரென்று வந்து சுவரில் பட்டது. சத்தமே இல்லை. ஒட்டிக்கொண்டது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவது இரண்டு சிப்பாய்களைச் சாய்த்துவிட்டுப் போய் ஒட்டிக்கொண்டது. எதிரி பக்கம் போய்ச் சேர்ந்த குண்டு எதிரிக்கு என்பது அவனே போட்ட சட்டம். அவனுடைய குண்டெல்லாம் அவள் சுவரில் பத்திரமாக இருந்தது.

அவள் சுட்ட குண்டு? அது தோலில் பட்டென்று மோதித் துள்ளி, அவள் பக்கத்துக்கே ஓடிவந்தது. விறைத்த அடித்தோல் அல்லவா, உதைத்து அனுப்பிவிட்டது. அவள் எடுத்து மறுபடியும் சுட்டாள், அதுவும் திரும்பி வந்தது. கன்னியம்மாளுக்கு உடம்பெல்லாம் குறுகுறுத்தது. பாஷாவின் பிடி கரைந்துகொண்டே போக, அவன் சிரிப்பும் கூடவே கரைந்தது.

ஆனால் அடித்தோல் அசையவில்லை. அவள் சிப்பாய்களை வீழ்த்தினாள், பீரங்கியை ஒருமுறை கவிழ்த்தாள், ராஜாவை மட்டும் தொட முடியவில்லை. துள்ளிய குண்டுகளில் பாதி கதவைத் தாண்டித் தரையில் விழ, சகிலா பொறுக்கி ஓரம் வைத்தாள். கடைசிக் குண்டைக் கன்னியம்மாள் மேலே தூக்கி அடித்தாள். அது கோட்டைக்கு முன்னாலேயே விழுந்து பாஷாவுக்குப் போனது. பாஷா அதை எடுத்து, ஊதி, குறி பார்த்து, சிம்பு ஒடியுமளவுக்கு வளைத்து விட்டான். சரியாக ராஜாவுக்கு முன்னால் புளியில் புதைந்தது அது. சுவர் ஒருமுறை ஆடியது.

ஆடத்தானே செய்யும்? கூரை ஓட்டு இடுக்கு வழியாக வெயில் நேராகச் சுவர்மேல் விழுந்துகொண்டிருந்தது. புளி இளகி, பளபளத்து, ராஜாவின் பக்கமாகச் சாய ஆரம்பித்திருந்தது.

"ரெண்டு பேர்கிட்டயும் குண்டு இல்ல," என்றான் பாஷா. "சமம். கதவு என்னுது."

"சுவத்துல கீறதெல்லாம் என் குண்டுதானே?"

"எடேன். எடுத்தா சுவரு உன் ராஜா மேலதான் விழும்."

அவன் சொன்னது பொய்யில்லை. மற்ற குண்டெல்லாம் இளகிய புளிக்குள் போய் மறைந்துவிட்டன. வெளியே தெரிந்தது இப்போது வந்த அந்த ஒன்றுதான், அதுவும் சாய்ந்த இடத்திலேயே. தொட்டால் சுவர் விழும். தொடாவிட்டால் சமம். சமமானால் நாளையிலிருந்து குனிந்து பொறுக்கக்கூட அவள் இங்கே இருக்கமாட்டாள். கன்னியம்மாளின் நெஞ்சு, மண்டியில் தட்டுகிற கட்டையைவிட வேகமாகத் தட்டியது. இரண்டு விரலால் கொட்டையைப் பிடித்தாள். இழுத்தாள்.

கொட்டை வந்தது. சுவர் மெல்ல மெல்லக் குனிந்து ராஜாவின்மேல் கவிழ்ந்தது.

"செத்தான்," என்று பாஷா குதித்தான்.

சகிலா குனிந்து, கதவோடு கண்ணை வைத்துப் பார்த்தாள். எழுந்திருக்க அவளுக்கு வெகுநேரம் ஆனமாதிரி இருந்தது.

"நிக்கிறாரு," என்றாள்.

கழுத்துவரைக்கும் புளி அப்பிக்கொண்டு, கிரீடம் ஒரு பக்கம் நசுங்கி, ராஜா சாய்ந்து நின்றார். விழ வேண்டும் என்று அவரே நினைத்தாலும் புளி விட்டிருக்காது.

"விழுந்தாத்தான் செத்தான்," என்றாள் கன்னியம்மாள். "யார் சட்டம் அது?"

பாஷா சகிலாவைப் பார்த்தான். சகிலாவின் காது சிவக்கவே இல்லை. அவன் கையைக் கட்டிக்கொண்டு, "சுடு," என்றான்.

கொட்டை முழுக்கப் பிசுபிசுவென்று புளி. இப்படியே வைத்தால் சிம்பைவிட்டுக் கிளம்பாது. கன்னியம்மாள் சற்றும் யோசிக்கவில்லை, பீரங்கிக் குண்டை வாயில் போட்டாள். புளிப்பில் ஒரு கண் தானாக மூடிக்கொண்டது. நன்றாகச் சப்பி, துப்பி, பாவாடையில் துடைத்து, நுனியில் வைத்தாள். பாஷாவின் கோட்டைச் சுவரைப் பார்க்கவே இல்லை. சுவருக்கு மேலே இருந்த வெறும் காற்றைப் பார்த்துச் சிம்பை வளைத்தாள்.

கொட்டை உயரப் போனது. முன்சுவரைத் தாண்டியது. ராஜாவின் தலையையும் தாண்டியது. தாண்டிப் போய்ப் பின்சுவரின் உள்பக்கத்தில் பட்டென்று மோதியது. அது நல்ல அடித்தோல், இத்தனை நேரம் செய்ததையே இப்போதும் செய்தது. கொட்டையை உதைத்துத் திருப்பி அனுப்பியது. கொட்டை ராஜாவின் முதுகில் விழுந்தது. நெஞ்சில் பைசாவின் கனம் வேறு இருக்கிறதே, ராஜா முன்பக்கமாகத் தடாலென்று கவிழ்ந்தார்.

சகிலா கத்திய கத்தலில் மண்டியில் கட்டைச் சத்தம் நின்றுபோனது. ஜப்பார் சாயபுவே பின்கட்டுக்கு ஓடிவந்து பார்த்தார். கதவின்மேல் புளி, தோல், செத்த சிப்பாய்கள், நடுவில் இரண்டு பெண்கள் ஒருத்தி தோளை ஒருத்தி பிடித்துக்கொண்டு சுற்றுகிறார்கள். கன்னியம்மாளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. அவள் பக்கம் அவளுக்கே. எப்பவும்.

பாஷா மட்டும் இளகிய புளியை விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் முகத்தில் கோபம் இல்லை. முதல்நாள் பீரங்கியைப் பார்த்தபோது இருந்த அதே முகம்.

"மாமூ, எனக்கு ஒரு உருண்டை புளி வேணும்."

"கொட்டை எடுத்தியா?" என்று கேட்டார் சாயபு.

மறுநாள் காலையில் மண்டிக்கு வந்த பெண்களுக்கு வேலை ஓடவில்லை. வாணியம்பாடித் தோல் வியாபாரி மகன், இஸ்திரி போட்ட சட்டையை முழங்கைக்கு மேலே சுருட்டிக்கொண்டு, மணியம்மாளின் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தான். கட்டை கொட்டையைவிட அவன் விரலில்தான் அதிகம் விழுந்தது.

"மெதுவா தட்டுங்க தம்பி," என்றாள் மணியம்மாள். "உருண்டை எங்க ஓடிடப் போவுது."

அவன் நிமிரவில்லை. சாயங்காலத்துக்குள் ஒரு கோட்டை வேண்டும் அவனுக்கு.

பின்கட்டில் கன்னியம்மாள் கதவைத் துடைத்து, தன் பக்கத்தில் சிப்பாய்களை நிறுத்திக்கொண்டிருந்தாள். காலடியில் ஒரு கொட்டாங்கச்சி இருந்தது. சகிலா அதற்குள் எட்டிப் பார்த்தாள். ஒரு பிடி புளியங்கொட்டை விளக்கெண்ணெயில் மினுமினுத்துக் கிடந்தது.

"இன்னாடி இது?"

"எண்ணெய் கொட்டை புளியில ஒட்டாது," என்றாள் கன்னியம்மாள். "அவன்கிட்ட சொல்லிடாத."