நடுங்கும் துறைமுகம்

நான் முடிதிருத்துபவன். பதினெட்டு வருஷமாக இந்தக் கை சவரக்கத்தியோடு ஊரார் தொண்டைமேல் நடமாடியிருக்கிறது. ஒருவர்கூட நாற்காலியிலிருந்து எழுந்து ஓடியதில்லை. ஞாயிறு மத்தியானம் கடையைச் சாத்திவிட்டு வந்தால் அதே கை ஒரு அங்குல உயர மனிதர்களுக்கு வர்ணம் பூசும்.

அவர்களைப் பொம்மை என்று சொன்னால் எனக்குக் கோபம் வரும். இருநூறு வருஷத்துக்கு முந்தைய பாய்மரக் கப்பலின் மாலுமிகள் அவர்கள். உப்புக்காற்றில் அந்தக் காலத்துக் கோட்டின் நீலம் எவ்வளவு வெளுத்திருக்கும், பித்தளைப் பொத்தான் என்ன நிறத்துக்குப் போயிருக்கும் என்று புத்தகம் புத்தகமாகப் புரட்டிப் பார்த்த பிறகுதான் தூரிகையைத் தொடுவேன். என் மனைவி மட்டும் "உங்க பொம்மைங்க" என்றுதான் சொல்வாள். வேண்டுமென்றே சொல்கிறாள்.

இந்த வருஷம் ஒரு துறைமுகம் செய்துகொண்டிருந்தேன். நங்கூரமிட்ட கப்பல், கல் படித்துறை, படகில் வந்து இறங்கும் பதினோரு பேர். கரையோரப் பாறைதான் சரியாக வரவில்லை. அட்டையில் செய்தால் அட்டையாகவே தெரிந்தது. கடைசியில் வீட்டுக்குள்ளேயே, தரையில் கிடந்த ஒரு கறுப்பு ரப்பர்க் கட்டை அகப்பட்டது. அதைச் செதுக்கிச் சாம்பல் நிறம் பூசியதும், பாறை என்றால் பாறை, அப்படி ஒரு பாறை! இரண்டு நாள் அதையே பார்த்துப் பூரித்துப்போனேன்.

அடுத்த ஞாயிறு கை நடுங்கியது.

மாலுமிக்குக் கண்மணி வைப்பது சின்ன வேலையில்லை. நாலே முடி உள்ள தூரிகை. முழங்கைகளை மேஜையில் ஊன்றி, மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஒரே ஒரு தொடல். பூதக்கண்ணாடி வழியாகப் பார்த்தால் தூரிகை முனை துடிக்கிறது. கண்மணி கன்னத்துக்குப் போய்விட்டது. துடைத்துவிட்டு மறுபடி வைத்தேன், மூக்கில் விழுந்தது. அடுத்த ஞாயிறும் அதே கதை. அதற்கடுத்த ஞாயிறும்.

என் அண்ணனுக்கும் இப்படித்தான் தொடங்கியது. முதலில் டீ கிளாஸ் மட்டும் தட்டில் லேசாகத் தாளம் போட்டது. இன்று அவர் சட்டைக்கு அண்ணிதான் பொத்தான் போட்டுவிடுகிறார். இது குடும்பத்தில் தொடருமா என்று டாக்டரிடம் கேட்க எனக்குத் தைரியமில்லை. கேட்டால் பதில் சொல்லிவிடுவாரே.

பயம் கடைக்கும் கூடவே வந்தது. கத்தி நடுங்குகிறதா, நடுங்குகிறதா என்று கத்தியையே பார்த்துக்கொண்டிருந்ததில் கணக்கு வாத்தியாரின் காதுக்குக் கீழே கீறிவிட்டேன். "பரவாயில்லப்பா" என்றார் அவர். படிகாரம் தடவும்போது எனக்குத்தான் வியர்த்துக் கொட்டியது. அன்றிலிருந்து சவரத்துக்கு யார் வந்தாலும் கூட்டாளியிடம் தள்ளிவிட்டேன். "தோள் வலிக்குதுடா, நீ பாத்துக்க" என்று ஒரு பொய். இன்று சவரம் போனால் நாளைக்குக் கத்திரி போக எத்தனை நாளாகும்? எனக்கு வேறு தொழில் தெரியாது. மனைவியிடம் மூச்சு விடவில்லை.

போன ஞாயிறு கடல் ஊற்றினேன். ரெசின் என்கிற கண்ணாடிப் பிசினையும் அதை இறுகவைக்கும் திரவத்தையும் அளந்து கலக்கி, ஒரு சொட்டுப் பச்சை சேர்த்துப் பாறையைச் சுற்றி மெதுவாக ஊற்றவேண்டும். பிறகு தூசி விழாமல் காவல் காக்கவேண்டும். காதில் இயர்போன் மாட்டிப் பழைய பாட்டுக் கேட்டுக்கொண்டு, இரண்டு கையையும் மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மேஜை விளக்கின் வெளிச்சம் கடல்மேல் விழுந்திருந்தது.

வெளிச்சம் நடுங்கியது.

குனிந்து பார்த்தேன். கடல் முழுக்கப் பொடிப்பொடியாக நெளிந்துகொண்டிருந்தது. என் கை மடியில்தான் இருந்தது. நான் தொடாத கடலுக்கு என் வியாதி எப்படி வரும்?

இயர்போனைப் பிடுங்கினேன். சுவருக்கு அந்தப் பக்கம் சமையலறையில் வாஷிங் மெஷின் தடதடவென்று சுற்றிக்கொண்டிருந்தது. உள்ளங்கையை மேஜைமேல் வைத்தேன். மேஜைதான் நடுங்கியது! கொஞ்ச நேரத்தில் மெஷின் நின்றது. கடலும் அசையாமல் நின்றது.

நான் போட்ட கூச்சலில் மனைவி ஈரக்கையோடு ஓடிவந்தாள்.

"என்னங்க, என்னாச்சு?"

"இந்த மெஷின் எப்பலேர்ந்து இப்படி ஆடுது?"

"ரெண்டு மாசமா, ஞாயிறு ஞாயிறு துணி போடறப்பல்லாம் ஆடுது. பாட்டு மாட்டிக்கிட்டா நான் கத்தறது உங்க காதுல எங்க விழுது? ஒரு காலுக்கு அடியில இருந்த ரப்பர் கட்டையக் காணோம். எலி தூக்கிட்டுப் போச்சோ என்னவோ."

என் கண் தானாகப் பாறைக்குப் போனது. அவள் கண்ணும் பின்னாலேயே போனது.

"அட, அந்த எலி நீங்கதானா!"

சிரிக்கத்தான் வாயைத் திறந்தேன், அழுகை வந்துவிட்டது. அண்ணன், வாத்தியார் காது, தோள் வலி என்று எல்லாவற்றையும் கொட்டினேன். கேட்டு முடித்தவள் ஈரக்கையாலேயே நறுக்கென்று என் தலையில் ஒரு குட்டு வைத்தாள். அவளுக்கும் கண் கலங்கியிருந்தது.

"ரெண்டு மாசமா இத உள்ளயே வச்சுக்கிட்டு இருந்தீங்களா? அப்புறம் நான் எதுக்கு இருக்கேன்?"

"நிஜமாவே மெஷின்தானா?" என்று கேட்டேன். மனசு இன்னும் முழுதாக நம்பவில்லை.

"பாத்துடலாம், பிரஷ்ஷ எடுங்க."

கண்ணில்லாமல் மிச்சமிருந்த படகோட்டியைக் கையில் எடுத்தேன். அவள் போய் மெஷினை மறுபடி ஓடவிட்டாள். தூரிகை முனை துடித்தது. பாறையைப் பிடுங்கித் திருப்பிக் கொடுக்க வழியில்லை, அது கடலோடு இறுகிக்கொண்டிருந்தது. அவள் ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு, ஸ்டூலில் ஏறி, ஆட்டத்தை அமுக்க மெஷின்மேலேயே உட்கார்ந்துவிட்டாள். திறந்த கதவு வழியாகப் பார்க்கிறேன், மகாராணி மாதிரி அமர்ந்திருக்கிறாள், பல் மட்டும் கடகடக்கிறது.

தூரிகை முனை நின்றது. துளிகூட ஆடவில்லை. மூச்சைப் பிடித்து ஒரு தொடல். கண்மணி வைத்த இடத்தில் அப்படியே நின்றது.

"இ-ற-ங்-க-ட்-டு-மா?"

"இரு, இரு, இன்னொரு கண்ணு பாக்கி."

அதையும் வைத்தேன். படகோட்டி என்னை நேராகப் பார்த்தான். இரண்டு மாசமாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்தது இறங்கிப்போனது. "ஆச்சு" என்றேன்.

அவள் கீழே குதித்து, மெஷினை நிறுத்திவிட்டு வந்து படகோட்டியை உற்றுப் பார்த்தாள்.

"நாளைக்கு வாத்தியார் ஷேவிங்குக்கு வந்தா என்ன சொல்வீங்க? தோள் வலியா?"

"உக்காருங்க சார்னு சொல்வேன்."